அந்த சிரிப்ப ஏன் மக்கா மூடுதீங்க?

எத்தன தடவ சொல்ல மக்கா, சிரிப்பு வீடியோவுல அந்த டப்பா சிரிப்பு சவுண்ட, அதான் முன்னாடியே பதிவு பண்ணி வச்ச கூட்டத்து சிரிப்ப, சேக்காதீங்க! போன வாரம் வடசேரில இருந்து மார்த்தாண்டம் போற பஸ்ல ஒரு வீடியோ பாத்தேன், தாத்தா தும்முறதப் பாத்து ஒரு குட்டிப்பாப்பா குலுங்கி குலுங்கி சிரிக்கு, நான் சிரிக்க, பக்கத்துல மீன்கார அக்கா எட்டிப் பாத்து சிரிக்க, அவங்க சிரிக்கதப் பாத்து பின்சீட்டு பாட்டா சிரிக்க, தக்கலை வாறதுக்குள்ள பாதி பஸ்ஸு சிரிச்சாச்சு, ஒருத்தருக்கொருத்தர் பேரு கூட தெரியாது. இன்னைக்கு அதே வீடியோ குடும்ப குரூப்புல வருது, பாப்பா சத்தத்த அமுக்கிட்டு மேல மெஷின் சிரிப்பு! எதுக்கு? பாப்பா சிரிப்பு பத்தாதா? தனியா இருக்கதவிட ஆளுங்க கூட இருக்கும்போ மனுசன் 30 மடங்கு சிரிக்கான்னு ராபர்ட் ப்ரொவைன்னு ஒரு அமெரிக்க விஞ்ஞானி ஆராய்ச்சி பண்ணி சொல்லியிருக்காரு. அந்த டப்பா சிரிப்பு 1950கள்ல சார்லி டக்ளஸ்னு ஒரு சவுண்ட் இஞ்சினியர் அமெரிக்க டிவிக்கு செஞ்ச பெட்டில இருந்து வந்தது, அப்போ வீட்டுல இருந்து பாக்கவங்களுக்கு கூட்டத்து சத்தம் வேண்டியிருந்துச்சு. இப்போ நமக்கு பஸ்ஸு நிறைய கூட்டம் இருக்கே! அந்த மெஷின் சிரிப்பு வீடியோவ ஆச்சிக்கு போட்டுக் காட்டுனேன், சிரிக்கவே இல்ல, ஃபோன திருப்பித் தந்துட்டாங்க. அந்த பாப்பா சத்தத்த திருப்பிக் குடுங்க மக்கா.