பகுதி நேரம்தானே!

வாரத்துக்கு 20 மணி நேரம் என்று கையெழுத்துப் போட்டு ஒரு வேலையில் சேர்ந்தேன். பல வருடங்களுக்கு முந்தைய கதை. மூன்றாவது வாரம், மதியம் கிளம்புவதற்குப் பையை எடுத்த நேரத்தில் மேலாளர் வந்து நின்றார். "இன்றைக்கு இன்னும் மூன்று மணி நேரம் இருந்துவிட்டுப் போங்கள். நீங்கள் பகுதி நேரம்தானே, என்ன அவசரம்?"

அந்தத் 'தானே'யை என்னால் இன்றும் மறக்க முடியவில்லை. முழுநேர ஊழியர் எட்டு மணி நேரம் முடித்துக் கிளம்பினால் அவர் வேலை முடிந்து வீட்டுக்குப் போகிறார். நான் நான்கு மணி நேரம் முடித்துக் கிளம்பினால், சீக்கிரமே ஓடுகிறேன். மீதிப் பொழுதை நான் ஏற்கெனவே வேறொரு கடமைக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன் என்பது யார் கண்ணுக்கும் தெரியவில்லை. அன்று இருந்தேன். வீட்டில் அம்மாவைப் பார்த்துக்கொண்ட பெண்ணும் அந்த மூன்று மணி நேரம் கூடுதலாக இருந்தார். எனக்கு வந்த பணம் ஏறக்குறைய அப்படியே அவர் கைக்குப் போனது.

இதில் பலரும் கவனிக்காத கணக்கு ஒன்று உண்டு. ஓவர்டைம் என்றாலே கூடுதல் விகிதம் என்று நினைக்கிறோம். சர்வதேச தொழிலாளர் அமைப்பின் முதல் உடன்படிக்கையே, 1919இல், நாளுக்கு எட்டு மணி, வாரத்துக்கு 48 மணி என்று தொழிற்சாலைகளுக்கு வரம்பு கட்டி, அதற்கு மேல் போனால் குறைந்தது ஒன்றேகால் மடங்கு கூலி என்று சொன்னது. ஆனால் அந்தக் கூடுதல் விகிதம் எங்கிருந்து தொடங்குகிறது? பெரும்பாலும் முழுநேர வரம்பைத் தாண்டிய பிறகு. முழுநேரம் 40 மணி என்றால், முழுநேர ஊழியர் 41ஆவது மணியிலிருந்து கூடுதல் விகிதம் வாங்குவார். 20 மணிக்காரர் 28 மணி உழைத்தாலும் அந்த எட்டு மணிக்கும் சாதாரணக் கூலிதான். ஆக, அவசர வேலைக்கு ஆள் தேடும் நிர்வாகத்துக்கு மிக மலிவாகக் கிடைப்பவர் யார்? நாம்தான். மேலாளர் நேராக என் மேசைக்கு வந்ததற்கு என் சுறுசுறுப்பு காரணமில்லை என்று புரிய எனக்கு வெகுநாள் ஆனது!

ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றத்துக்கும் இது புரிய ஏறக்குறைய முப்பது வருடம் ஆனது. 1994இல் அது சொன்ன தீர்ப்பின் தர்க்கம் இது: வாரத்துக்கு 18 மணி நேரம் என்று ஒப்பந்தம் போட்டவர் 19 மணி நேரம் உழைத்தால், அதே 19 மணி உழைக்கும் முழுநேர ஊழியருக்குக் கிடைக்கும் அதே சம்பளம் அவருக்கும் கிடைக்கிறது, பிறகு பாகுபாடு எங்கே? கேட்பதற்கு நியாயம் போலத்தான் இருக்கும். 2023 அக்டோபரில், பகுதி நேரமாகப் பறந்த ஒரு ஜெர்மன் விமானியின் வழக்கில் அதே நீதிமன்றம் வேறு பக்கம் திரும்பியது. கூடுதல் ஊதியத்துக்கு எல்லோருக்கும் ஒரே வரம்பு என்றால், பகுதி நேரக்காரருக்கு அந்த வரம்பு எட்டுவதற்கு அரிய உயரம் என்று ஏற்றுக்கொண்டது. 2024 ஜூலையில் ஜெர்மனியின் பராமரிப்புப் பணியாளர்கள் இருவரின் வழக்கிலும் அதையே சொன்னது. பகுதி நேர வேலையில் பெண்களே அதிகம் என்னும்போது இது மறைமுகப் பாலினப் பாகுபாடாகவும் ஆகும் என்றது. இந்தத் தீர்ப்புகள் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள்தான் செல்லும். தர்க்கம் எந்த நாட்டுக்கும் பொருந்தும் என்பது என் கட்சி.

"மணி நேரம் கூட்டிக் கொடுத்தால் வேண்டாம் என்பார்களா?" என்று நண்பர் ஒருவர் கேட்டார். உண்மைதான், முழுநேரம் கிடைக்காமல் பகுதி நேரத்தில் ஒட்டிக்கொண்டிருப்பவர்கள் ஏராளம். அங்கே வேறொரு நோய். கூடுதல் நேரம், மேலாளருக்குப் பிடித்தவருக்குப் பரிசாகவும், ஒருமுறை மறுத்தவருக்குத் தண்டனையாகவும் மாறிவிடுகிறது. போன வாரம் முடியாது என்றவருக்கு இந்த வாரம் அட்டவணையில் பெயரே இருக்காது. இப்படி இருக்கும்போது அவர் சொல்லும் 'சரி'யைச் சம்மதம் என்று நான் எடுத்துக்கொள்ள மாட்டேன்.

பகுதி நேர வேலை பற்றிய சர்வதேச தொழிலாளர் அமைப்பின் 1994ஆம் ஆண்டுப் பரிந்துரை, ஒப்புக்கொண்ட நேரத்துக்கு மேல் வேலை வாங்குவதற்குக் கட்டுப்பாடும் முன்னறிவிப்பும் வேண்டும் என்கிறது. பரிந்துரைதான், கட்டாயமில்லை. ஜெர்மனியில் அழைக்கும்போது வந்து செய்யும் வேலைக்கு நான்கு நாள் முன்னறிவிப்பு என்று சட்டமே இருக்கிறது. பையை எடுத்த பிறகு வந்து நிற்பது எந்த நாட்டிலும் முன்னறிவிப்பு ஆகாது.

ஒப்பந்தத்தை எடுத்துப் பாருங்கள். 'தேவைப்படும்போது கூடுதல் நேரம்' என்ற வரி இருக்கிறதா, எவ்வளவு, எந்த விகிதத்தில் என்று இருக்கிறதா. இதைவிட முக்கியம், எழுதி வைப்பது. மாதக்கணக்கில் 28 மணி உழைப்பவரின் விடுப்பும் ஓய்வூதியப் பங்கும் காகிதத்தில் உள்ள 20 மணிக்குத்தான் கணக்காகின்றனவா என்று கேட்க, கையில் தேதி வேண்டும்.

நான் நான்கு மாதம் ஒரு சின்ன நோட்டில் தேதியும் மணியும் குறித்தேன். அதை மேசையில் வைத்து, "ஒன்று ஒப்பந்தத்தை 28 ஆக்குங்கள், இல்லையென்றால் 20இல் விடுங்கள்" என்றேன். மேலாளர் பக்கங்களைப் புரட்டினார். "இதையெல்லாமா எழுதி வைப்பார்கள்?" என்று கேட்டார். அடுத்த வாரத்திலிருந்து என் 20 மணி நேரம் முடிந்ததுமே கிளம்பினேன்.