நண்டு வலைக்குக் கீழே ஒரு குவியல்

விசைப்படகுகள் கடல் தரையோடு அரித்து இழுக்கும் இழுவைமடி வலையைத் திட்டி எழுதினால் எல்லாரும் கை தட்டுவீர்கள். நானும் எத்தனையோ தடவை எழுதியிருக்கிறேன். இன்றைக்கு எழுதப்போவதற்கு என் சொந்தக்காரர்களே சண்டைக்கு வருவார்கள். மாமனார் ஊர் தொண்டிக்கு வடக்கே, பாக் நீரிணைக் கரையில். நண்டு வலைதான் அங்கே சோறு.

சாயங்காலம் விட்ட வலையை விடியலில் வாங்கிக் கரைக்குக் கொண்டுவருவார்கள். பெண்கள் வட்டமாக உட்கார்ந்து பிரிப்பார்கள். ஓலைக்கால் நண்டை எடுக்கும்போது மட்டும் விரலில் அப்படி ஒரு பொறுமை, கால் ஒடிந்தால் விலை போய்விடும் இல்லையா. அது ஐஸ் பெட்டிக்குப் போய், கம்பெனிக்குப் போய், சதையாகி டப்பாவில் அமெரிக்கா வரை போகிறது. மற்றதெல்லாம் காலடியில் விழும். திருக்கைக் குஞ்சு, சங்கு, பெயர் தெரியாத சிப்பிகள், தாழை என்று நாங்கள் சொல்லும் கடல்புல், எப்போதாவது ஒரு கடல் குதிரை. விலை போகாத குட்டி நண்டு சிக்கியிருந்தால் கட்டையால் ஒரு தட்டு. ஓடு நொறுங்கும், வலை விடுபடும்.

“இழுவைமடி அள்ளிவரும் சங்காயத்துக்கு, அதாவது விலை போகாத கழிவு மீனுக்கு, முன்னால் இது எம்மாத்திரம்?” என்பார்கள். சரிதான், அளவில் பக்கத்தில்கூட வராது. ஆனால் நண்டு வலை கிடப்பது கரையோரத் தாழைக்காட்டில். மீனும் இறாலும் நண்டும் குஞ்சு வளர்க்கும் இடமே அதுதான். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கரையில் கட்டிக்கிடக்கும்போதும் நாட்டுப்படகுக்குத் தடை இல்லை. அதை நிறுத்தச் சொல்ல எனக்கு வாய் வராது. அந்த வருமானத்தில்தான் என் மனைவி படித்தாள்.

சட்டத்தின் மேல்தான் எனக்குக் கோபம். கடல் அட்டையும் கடல் குதிரையும் 2001-இல் வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் ஏறின. புலிக்குக் கொடுத்த அதே பாதுகாப்பு. நல்ல எண்ணம்தான். ஆனால் தரையில் கிடக்கும் வலைக்கு எது புலி, எது நண்டு என்று தெரியுமா? தானாக ஏறிய அட்டை கையில் இருந்தாலும் வழக்கு வருமோ என்ற பயம். அதனால் எது ஏறினாலும் யாரும் வாய் திறப்பதில்லை. காக்கை தின்னும், இல்லையென்றால் கமுக்கமாக விலைக்குப் போகும். கணக்கு எங்கிருந்து வரும்?

ஆவுளியா என்கிற கடல் பசு விஷயத்தில் வேறு மாதிரி நடந்தது. மூச்சு விட அடிக்கடி மேலே வரவேண்டிய பிராணி, வலையில் மாட்டினால் மூழ்கியே செத்துப்போகும். 2022 செப்டம்பரில் தஞ்சாவூர், புதுக்கோட்டை கடலோரத்தில் 448 சதுர கிலோமீட்டரை அதற்கான பாதுகாப்பகமாக அறிவித்தார்கள். மாட்டிய ஆவுளியாவை உயிரோடு விட்ட மீனவர்களை வனத்துறை கூப்பிட்டுப் பாராட்டிப் பணமும் கொடுத்தது. இன்றைக்கு அப்படி ஒன்றை விட்டவர் வீடியோவோடு ஊருக்கே சொல்கிறார். அட்டைக்கும் குதிரைக்கும் ஏன் அப்படி ஒரு வழி இல்லை?

சினை நண்டு இன்னொரு வயிற்றெரிச்சல். ஒரு தாய் நண்டு வயிற்றில் லட்சக்கணக்கில் முட்டை. தாய்லாந்துக் கரையோர ஊர்களில் ‘நண்டு வங்கி’ வைத்திருக்கிறார்கள். சினை நண்டைத் தொட்டியில் போட்டு, காற்றுக் குழாய் விட்டு, பொரித்த குஞ்சுகளைக் கடலில் சேர்க்கிறார்கள். தாய் நண்டை அதற்குப் பிறகு விற்கலாம். நம் ஊரில் மீன் வளர்க்கக் கண்ணாடித் தொட்டி வைக்காத கடைவீதி உண்டா? அதே மோட்டார்தான்.

சின்ன மீன்பிடியில் ஒரு வசதி இருக்கிறது: வலை கரைக்கு வரும்போது சங்கும் குட்டி நண்டும் பெரும்பாலும் உயிரோடுதான் இருக்கும். இருபது அடி நடந்தால் கடல். பிரிக்கும் இடத்தில் நாலு வாளி உப்புத்தண்ணீர் வைத்து, வேண்டாததை அதில் போட்டுத் திரும்ப ஊற்றினால் என்ன? அத்தையிடம் கேட்டேன். முப்பது வருஷமாக வலை பிரிக்கிறவர். தலை நிமிராமல் சொன்னார்: “வாளியைத் தூக்குறது யாரு மாப்பிள்ளை, நீங்களா?”

மறுநாள் தூக்கினேன். நாலு நடை. ஐந்தாவதற்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. அத்தை சிரித்துக்கொண்டே ஒரு குட்டி நண்டை வலையிலிருந்து முழுசாக எடுத்து வாளியில் போட்டார். அதற்கு ஆன நேரத்தில் பக்கத்தில் இருந்தவர் மூன்று கம்பெனி நண்டு எடுத்துவிட்டார்.