அம்மப்பாவின் சாய்மனைக் கதிரை

போன ஞாயிறு பழைய தளபாடம் வாங்குகிற ஒருவர் எங்கள் உப்புவெளி வீட்டு விறாந்தையில் நின்று, அம்மப்பாவின் சாய்மனைக் கதிரைக்கு விலை பேசினார். "பிரம்பெல்லாம் அறுந்துபோச்சு அம்மா, இத வச்சு என்ன செய்யப்போறீங்க?" அம்மாவும் தலையாட்டப் பார்த்தார். நான்தான் விடவில்லை.

முதிரை மரம். கால் நீட்டிக்கொள்ள, கைப்பிடிக்குக் கீழிருந்து இரண்டு பலகைகள் சுழன்று வெளியே வரும். எங்கும் ஓர் ஆணி இல்லை. மரத்துக்குள் மரம் செருகியது. வலது கைப்பிடியில் தேநீர்க் கோப்பை வைத்து வைத்து விழுந்த வட்டம் இன்னும் இருக்கிறது. செய்தவர் தம்பலகாமத்து ஓடாவியார் ஒருவர். பெயர் அம்மாவுக்கும் தெரியாது. அதுதான் எனக்கு ஆறவில்லை.

2009 பெப்ரவரியில் பாரிசில் ஆடை வடிவமைப்பாளர் இவ் சாந் லோரானும் அவரது துணைவர் பியேர் பெர்ஜேயும் சேர்த்த கலைப்பொருட்கள் ஏலத்துக்கு வந்தன. மத்தீஸ், மொந்திரியான் ஓவியங்கள், அவற்றோடு தளபாட வடிவமைப்பாளர் ஐலீன் கிரே செய்த ஒரு கதிரை. அந்தக் கதிரை 2.19 கோடி யூரோவுக்குப் போனது. அதே ஏலத்தில் பிக்காசோவின் ஓவியம் ஒன்று எதிர்பார்த்த விலை வராமல் விற்காமலே நின்றது! கிரே லண்டனில் ஓவியம் படித்தவர். பிறகு சுகவாரா என்ற ஜப்பானியக் கைவினைஞரிடம் அரக்குப் பூச்சு பழகினார். ஒரு பூச்சு காய்ந்ததும் தேய்த்து, அதன்மேல் அடுத்தது; பொறுமை இல்லாதவரால் முடியாத வேலை. விலையை விடுங்கள். சாந் லோரானும் பெர்ஜேயும் ஓவியத்தையும் கதிரையையும் ஒரே கண்ணால் பார்த்து ஒரே வீட்டில் வைத்து வாழ்ந்தார்களே, அதுதான் எனக்குப் பெரிது.

இந்தியாவின் சண்டிகார் நகரில் 1950களில் கட்டடக் கலைஞர் பியேர் ஜான்னரே வடிவமைத்த கதிரைகளும் தேக்கும் பிரம்பும்தான். அலுவலகங்களில் தேய்ந்து கழிவுச் சாமானாகக் குவிந்தவை, இன்று மேல்நாட்டு ஏலங்களில் நிற்கின்றன.

நம் ஊரில் ஓவியக் கண்காட்சி என்றால் சுவர்கள் மட்டும் நிறையும். நடுவில் வாடகைக்கு எடுத்த பிளாஸ்டிக் கதிரைகள். அடுத்த முறை அங்கே பழைய முதிரைக் கதிரை ஒன்றை, செய்தவரின் பெயரையோ ஊரையோ எழுதி, ஓவியங்களுக்குச் சமமாக வையுங்கள். எங்களுடையதைத் தர நான் தயார்.

அதற்கு முதல் பிரம்பு மாற்ற வேண்டும். திருகோணமலையில் பிரம்பு பின்னுகிற ஐயா யாராவது இன்னும் இருந்தால் கீழே சொல்லுங்கள். மூதூர், கிண்ணியா என்றாலும் சரி, நானே கொண்டுபோகிறேன்.