எரித்ரியாவில் 18 மாதம் என்பது காகிதத்தில் மட்டும்தான்

சகோ, ஆப்பிரிக்க நாடான எரித்ரியாவைப் பற்றி, "எரித்ரியாவில் பெண்களும் 18 மாதம் ராணுவத்தில் இருந்துவிட்டு வீட்டுக்கு வந்துவிடுகிறார்கள், இஸ்ரேல் மாதிரிதான், இதைவிட என்ன சமத்துவம்?" என்று போட்டிருக்கிறீர்கள். அந்த நாட்டின் 1995 கட்டாயத் தேசிய சேவைச் சட்டத்தில் அப்படித்தான் இருக்கிறது: 6 மாதப் பயிற்சி, 12 மாதப் பணி. ஆனால் 1998இல் எத்தியோப்பியாவுடன் எல்லைப் போர் மூண்ட பிறகு அந்தக் கணக்கே செல்லாமல் போய்விட்டது. பத்து வருடத்துக்கு மேல் சிக்கிக்கொண்டவர்கள் ஏராளம். 2018இல் சமாதானம் ஆன பிறகும் இது மாறவில்லை.

இன்னொன்று. அங்கே பன்னிரண்டாம் வகுப்பையே சாவா ராணுவ முகாமில்தான் படிக்க வேண்டும், பையனோ பெண்ணோ. நம்ம ஊர் பிளஸ் டூ பிள்ளையை நினைத்துப் பாருங்கள்: பாடப் புத்தகத்தோடு அணிவகுப்பும். அதற்குப் பயந்து எத்தனையோ பெண்கள் பள்ளியைப் பாதியில் விட்டு அவசரமாகக் கல்யாணம் செய்துகொள்கிறார்கள். மணமானவர்களையும் பிள்ளை பெற்றவர்களையும் நடைமுறையில் பெரும்பாலும் விட்டுவிடுவார்கள், அதுதான் காரணம். சமத்துவம் இப்படியா பதினாறு, பதினேழு வயதில் தாலி கட்டவைக்கும்?

முகாமுக்குப் போன பெண்கள் அதிகாரிகளின் வீட்டு வேலைக்குப் பயன்படுத்தப்பட்டதையும், பாலியல் வன்கொடுமைக்கு ஆளானதையும் ஐ.நா. விசாரணை ஆணையம் பதிவு செய்திருக்கிறது. 2016 அறிக்கையில் அது பயன்படுத்திய சொல் 'அடிமைப்படுத்தல்'.

எத்தியோப்பியாவிடமிருந்து பிரிய நடந்த விடுதலைப் போரில் பெண் போராளிகள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு என்று நீங்கள் சொன்னது சரி. ஆனால் அது வேறு காலம். 1993 விடுதலைக்குப் பிறகு அந்த நாட்டில் தேசியத் தேர்தலே நடக்கவில்லை.