ஓசிக் கோப்பை என்று சிரித்தவர்களுக்கு

சனிக்கிழமை நான் போட்ட டொராண்டோ ஐஸ் ஹாக்கி ஜெர்சி போட்டோவையும் அதற்குக் கீழே நடந்த கூத்தையும் பெரும்பாலானவர்கள் பார்த்திருப்பீர்கள். பார்க்காதவர்கள் புண்ணியம் செய்தவர்கள். அது போதாதென்று ஸ்க்ரீன்ஷாட் எடுத்து நம்ம பேட்மிண்டன் வாட்ஸ்அப் குரூப்பிலும் ஓட்டியிருக்கிறார்கள். இரண்டு நாள் வாயை மூடிக்கொண்டு பெரிய மனுஷனாக இருந்து பார்த்தேன். முடியவில்லை.

"மேத்யூஸ் ஜெர்சி வாங்கக் காசில்லையா?" என்று டொராண்டோ அணியின் பெரிய நட்சத்திரத்தைச் சொல்லிக் கேட்டவரை விட்டுவிடுகிறேன். உண்மையிலேயே இல்லை சார். டொராண்டோவில் புது ஜெர்சி விற்கிற விலைக்கு எங்கள் வீட்டில் இரண்டு வார மளிகை வரும். இது பழைய துணிக்கடையில் பதினெட்டு டாலருக்குக் கிடைத்தது. நீல நிறம், முதுகில் 2, மேலே ஹெய்ன்ஸி. என்னைக் குடைவது இன்னொரு கமெண்ட். "ஊர் ஊராகத் துரத்திவிட்டு, கடைசியில் ஓசிக் கோப்பை வாங்கின ஆளுக்கா ஜெர்சி?" 2017இல் பிட்ஸ்பர்க் அணியோடு ஹெய்ன்ஸி ஜெயித்த ஸ்டான்லி கோப்பையைத்தான் சொல்கிறார். அதற்கு நாற்பத்து மூன்று லைக். அதில் மூன்று பேர் என் சொந்தக்காரர்கள்.

ரான் ஹெய்ன்ஸி ஆடிய ஆட்டங்கள் 1132. பிளேஆஃப், அதாவது சீசன் முடிவில் கோப்பைக்காக நடக்கும் சுற்றுகள் இல்லாமல், லீக் ஆட்டங்கள் மட்டும். தேசிய ஹாக்கி லீக்கில் 1132 ஆட்டம் ஒருத்தரை யாரும் இரக்கப்பட்டு ஆடவிட மாட்டார்கள். இதை மட்டும் மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள். இன்னும் நாலு தடவை சொல்வேன், பரவாயில்லை.

கனெக்டிகட் மாநிலத்தில் போல்டன் என்ற ஊர்க்காரர். அணிகள் இளம் வீரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில், 2000ஆம் ஆண்டு மாண்ட்ரியல் அணி பதின்மூன்றாவது ஆளாக எடுத்தது. நட்சத்திரமாக வருவார் என்று எதிர்பார்த்து எடுத்த இடம் அது. வரவில்லை. கீழ் லீக்குக்கும் மேலுக்குமாக அலைந்தார். 2005இல் மாண்ட்ரியல் அவரை வெய்வரில் போட்டது. வெய்வர் என்றால், வீட்டு வாசலில் பழைய சோபாவை வைத்து 'வேண்டியவர்கள் எடுத்துப் போகலாம்' என்று அட்டை ஒட்டி வைப்பார்களே, அது மாதிரி. பதிலுக்கு ஒரு ஆளைக்கூடத் தராமல் வேறு அணி தூக்கிக்கொண்டு போகலாம். கொலம்பஸ் தூக்கிக்கொண்டு போனது.

இனிமேல்தான் கூத்து. கொலம்பஸில் மூன்று சீசன் ஆடினார், பிளேஆஃப் இல்லை. 2008இல் அட்லாண்டாவுக்குக் கிளம்பினார். அடுத்த வசந்தத்திலேயே கொலம்பஸ் தன் வரலாற்றில் முதல் முறையாக பிளேஆஃப் போனது. அட்லாண்டாவில் மூன்று வருஷம், பிளேஆஃப் இல்லை. 2011இல் அந்த அணியையே விற்று வின்னிபெக்குக்கு மாற்றிவிட்டார்கள். ஜார்ஜியா வெயிலில் வேலைக்குச் சேர்ந்த மனுஷன், ஆபீஸ் இடம் மாறியதில் மைனஸ் முப்பதில் போய் நின்றார். அங்கேயும் இல்லை. 2013இல் கிளம்பினார், 2015இல் வின்னிபெக் பிளேஆஃப் போனது. அப்புறம் கரோலினா, அங்கே நான்கு சீசன். இல்லை. அவர் போன பிறகு, 2019இல், அதே கரோலினா அரையிறுதிக்கு இணையான கட்டம் வரை போனது. இவர் காலி பண்ணிவிட்டுப் போன வீட்டிலெல்லாம் ஒன்றிரண்டு வருஷத்தில் கெட்டிமேளம். சிரிக்கலாம், நானும் சிரித்திருக்கிறேன். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். ஒரு வீட்டை விட்டுக் கிளம்பினால் அடுத்த வீடு கதவைத் திறந்தது. ஒவ்வொரு தடவையும்.

அந்த 2013 கோடையில் மட்டும் கதவு திறக்கக் கொஞ்சம் நேரமானது. அதற்கு முந்தைய குளிர்காலத்தில்தான் முதலாளிகள் லாக்அவுட் போட்டு, அதாவது வீரர்களை ஆடவிடாமல் கதவடைத்து, சீசனைப் பாதியாக்கினார்கள். வீரர்கள் சங்கத்தின் சார்பில் மேஜைக்கு எதிரே உட்கார்ந்து பேசியவர்களில் ஹெய்ன்ஸியும் ஒருவர். கோடையில் அவருடைய ஒப்பந்தம் முடிந்தது. புது ஒப்பந்தம் கிடைத்தபோது செப்டம்பர், அதுவும் ஒரே ஒரு வருஷத்துக்கு. இதற்கும் அதற்கும் முடிச்சுப் போடாதே என்பீர்கள். சரி, போடவில்லை.

2017 பிப்ரவரியில் பிட்ஸ்பர்க் அவரை வாங்கியது. ஏப்ரல் 12ஆம் தேதி முதல் பிளேஆஃப் ஆட்டம். அதற்கு முன் அவர் ஆடியிருந்தது 907 ஆட்டம். அதுவரை பிளேஆஃபைக் கண்ணால் பார்க்காமல் அவ்வளவு ஆடியவர் லீக்கில் வேறு யாரும் இல்லை. வயது முப்பத்தாறு. எதிரணி எது தெரியுமா? கொலம்பஸ். இதைக் கதையில் எழுதினால் "ரொம்ப சினிமாத்தனம்" என்று நீங்களே சொல்வீர்கள்.

இப்போது 'ஓசி'க்கு வருகிறேன். பிட்ஸ்பர்க் 2016இலேயே ஜெயித்த அணி, இவர் இல்லாவிட்டாலும் ஜெயித்திருக்கும் என்று இரண்டு பேர் பாடம் எடுத்தீர்கள். 2017 வசந்தத்தில் கிறிஸ் லெடாங் எங்கே இருந்தார் என்று பார்த்தீர்களா? கழுத்து டிஸ்க் அறுவை சிகிச்சை. அணியின் தலைசிறந்த டிஃபென்ஸ்மேன், அதாவது தற்காப்பு ஆட்டக்காரர், ஒரு பிளேஆஃப் ஆட்டம்கூட ஆடவில்லை. லெடாங் ஆடவேண்டிய நிமிஷங்களை மற்றவர்கள் பங்கு போட்டுச் சுமந்தார்கள். டூமோலினும் ஹெய்ன்ஸியும் ஜோடியாக, எதிரணியின் பெரிய தலைகள் பனியில் இறங்கும்போதெல்லாம் இறங்கினார்கள். கோப்பை வரை மொத்தம் 25 ஆட்டம். இருபத்தைந்திலும் ஹெய்ன்ஸி ஆடினார். ஓசியாம்.

டிஃபென்ஸ் என்றால் என்ன என்று தெரியாமல் பேசுகிறீர்கள் என்று சொன்னால் கோபம் வருகிறது. எனக்கும் நாலு வருஷம் முன்னால் தெரியாது. பையன் சொல்லித்தான் தெரியும். ஞாயிற்றுக்கிழமை காலை ஆறேகாலுக்கு ரிங்க்கில் போய் நின்று, கையுறையைக் கழற்றிவிட்டு அவன் ஸ்கேட் நாடாவை இழுத்துக் கட்டவேண்டும். கணுக்கால் பக்கம் தளர்ந்தால் கதை முடிந்தது. இழுத்து இழுத்து என் விரல் மடிப்பில் கோடு விழுந்திருக்கும். அவனுக்குப் பின்பக்கமாக நன்றாகச் சறுக்க வந்தது, அதனால் கோச் டிஃபென்ஸில் போட்டார். டிஃபென்ஸ் ஆட்டத்தில் பாதி அதுதான். 'பக்' என்ற வட்டைத் தள்ளிக்கொண்டு பாய்ந்து வருகிறவனைப் பார்த்தபடியே பின்னால் போகவேண்டும். ரொம்ப நெருங்கினால் தாண்டிவிடுவான், ரொம்ப விலகினால் அடித்துவிடுவான். ஒரு ஸ்டிக் நீள இடைவெளியில் அவனை மெல்ல மெல்ல ஓரத்துக்குத் தள்ளிக்கொண்டே போகவேண்டும். சரியாகச் செய்தால் ஒன்றுமே நடக்காது. ஒன்றுமே நடக்காததற்கு யார் கை தட்டுவார்கள்?

போன ஜனவரியில் ஒரு ஆட்டம். எதிரணிப் பையன் ஓங்கி அடித்தான். என் மகன் முட்டி போட்டுக் குறுக்கே விழுந்தான். பக் என்பது கெட்டி ரப்பர், நூற்றறுபது நூற்றெழுபது கிராம் இருக்கும். காப்பு இல்லாத இடமாகப் பார்த்து, பூட்ஸுக்குக் கொஞ்சம் மேலே பட்டது. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் என் வயிற்றில் விழுந்த மாதிரி இருந்தது. எழுந்து நொண்டிக்கொண்டு பெஞ்சுக்குப் போனான். கோச் அவன் ஹெல்மெட்டில் இரண்டு தட்டுத் தட்டினார், அவ்வளவுதான். வெளியே வரும்போது நம்ம ஊர்க்காரர் ஒருவர், நல்ல மனுஷர்தான், "என்ன தம்பி, இந்த சீசனிலும் கோல் கணக்கு பூஜ்யம்தானா?" என்று கேட்டார். பையன் என் முகத்தைப் பார்த்தான். நான் அசட்டுத்தனமாகச் சிரித்து வைத்தேன். அந்தச் சிரிப்புக்காக இன்னும் என்னை நானே திட்டிக்கொள்கிறேன்.

அதனால் மறுபடி சொல்கிறேன். 1132. யாரும் இரக்கப்பட்டு ஆடவிட மாட்டார்கள்.

அடுத்த கேள்வி எனக்கே தெரியும், நீங்கள் கேட்கவேண்டாம். அட்லாண்டா ஒப்பந்தம் மட்டும் ஐந்து வருஷத்துக்கு இரண்டேகால் கோடி டாலர். இவ்வளவு சம்பாதித்தவருக்காக நீ ஏன் மாரடிக்கிறாய்? நியாயமான கேள்விதான். அடுத்தது.

டொராண்டோவில் அவர் ஆட்டம் எடுபடவில்லை என்கிறீர்கள். 2017இலிருந்து 2019 வரை இங்கே ஆடினார். ஆமாம், வேகம் குறைந்துவிட்டது, முப்பத்தெட்டு வயதில் யாருக்குத்தான் குறையாது? இன்னொரு டிஃபென்ஸ்மேன் மோர்கன் ரைலி 2018-19 சீசனில் 20 கோல், கோலுக்குக் கை கொடுத்ததையும் சேர்த்து மொத்தம் 72 புள்ளி எடுத்தாரே, அந்த வருஷம் பெரும்பாலும் அவர் பக்கத்தில் ஆடியது யார்? ரைலி பக்கோடு முன்னால் பாய்ந்து போகிறார் என்றால் பின்னால் வீட்டைப் பார்த்துக்கொள்ள ஒருத்தர் இருக்கிறார் என்றுதான் அர்த்தம். இரண்டு வருஷமும் முதல் சுற்றில் பாஸ்டனிடம் ஏழாவது ஆட்டத்தில் தோற்றோம். அதையும் இவர் தலையில்தான் கட்டவேண்டுமா? 1967க்குப் பிறகு கோப்பையைக் கண்ணாடிப் பெட்டிக்குள் மட்டுமே பார்த்த அணியின் ரசிகர்கள் நாம். கோப்பையைத் தலைக்கு மேல் தூக்கிய ஒருத்தரைப் பார்த்து ஓசி என்று சிரிக்கிறோம். நமக்கு வெட்கமே கிடையாது.

"இதெல்லாம் உனக்கு ஏன் இவ்வளவு சுடுகிறது" என்று மைத்துனன் போனில் கேட்டான். அவனும் லைக் போட்டவன். அப்போது பதில் சொல்லவில்லை, இப்போது சொல்கிறேன்.

பதினான்கு வருஷத்தில் எனக்கு ஏழு கம்பெனி. எல்லாம் கான்ட்ராக்ட். ஊரில் போய்ச் சொன்னால் "ஒரு இடத்தில் நிலைக்கமாட்டேன் என்கிறானே" என்கிறார்கள். நிலைக்கவிட்டால்தானே? ஒரு இடத்தில், பெயர் வேண்டாம், ஒரு பெரிய மாற்றத்தைக் கணினியில் நடைமுறைக்குக் கொண்டுவந்த ராத்திரி மூன்று மணிக்கு எல்லாம் படுத்துவிட்டது. நான்தான் உட்கார்ந்தேன். காலை ஆறரைக்கு எழுப்பி நிறுத்திவிட்டு, கார் நிறுத்துமிடத்தில் வண்டிக்குள்ளேயே தூங்கினேன். வெள்ளிக்கிழமை நன்றி மெயில் வந்தது. பதினோரு பெயர், என் பெயர் இல்லை. கேக் வெட்டினார்கள். கான்ட்ராக்ட் ஆட்களுக்கு அந்த மீட்டிங் அழைப்பு வராது, அது விதியாம். என் மேஜையிலிருந்து பார்த்தால் அந்தக் கண்ணாடி அறை நன்றாகத் தெரியும். சாக்லேட் கேக்.

யாரையும் குறை சொல்லவில்லை. விதி என்றால் விதி. ஒன்பது மாதம் கழித்து அடையாள அட்டையைக் கொடுத்துவிட்டு, டீக் குவளையைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினேன். அடுத்த கம்பெனி கதவைத் திறந்தது. அதையும் எழுதத்தானே வேண்டும்?

அந்த வருஷம்தான் பழைய வீடியோ ஒன்றைத் தற்செயலாகப் பார்த்தேன். 2017 ஜூன் 11, நாஷ்வில். ஆறாவது ஆட்டத்தில் 2-0 என்று ஜெயித்து பிட்ஸ்பர்க் கோப்பையை எடுத்துவிட்டது. வழக்கப்படி கேப்டன் சிட்னி க்ராஸ்பி வாங்கி, தூக்கி, ஒரு சுற்று வருகிறார். அதன் பிறகு கேப்டன் முதலில் யார் கையில் கொடுக்கிறார் என்பதைத்தான் எல்லோரும் பார்ப்பார்கள். முந்தின வருஷம் ட்ரெவர் டேலியிடம் கொடுத்தார். கணுக்கால் உடைந்து இறுதிச் சுற்று ஆடமுடியாமல் நின்றவர், ஊரில் அம்மா புற்றுநோயில் கிடந்தார், சில நாட்களில் போய்விட்டார். இந்த வருஷம்? அணியின் இன்னொரு பெரிய நட்சத்திரம் மால்கின் இருக்கிறார். இறுதிச் சுற்றில் ஆடாத லெடாங் இருக்கிறார். வருஷக்கணக்காகக் கூடவே இருந்த பழைய ஆட்கள் எத்தனையோ பேர்.

க்ராஸ்பி நேராக ஹெய்ன்ஸியிடம் கொடுத்தார். அணிக்கு வந்து நான்கு மாதம்கூட ஆகாத ஆள். அந்தக் கோப்பை பதினைந்து கிலோவுக்கு மேல். வாங்கியவர் முகத்தைப் போய்ப் பாருங்கள், நான் விவரிக்க மாட்டேன். கூடவே ஆடியவர்களுக்குத் தெரியாதா யார் ஓசி, யார் இல்லை என்று? லைக் போட்ட நாற்பத்து மூன்று பேரைவிட க்ராஸ்பிக்கு ஹாக்கி கொஞ்சம் அதிகமாகத் தெரியும் என்று நம்புகிறேன்.

அப்புறம் இங்கே வந்தார், இரண்டு வருஷம் கழித்து ஆட்டவா போனார், 2020இல் அவருடைய கடைசி ஆட்டம். ஓய்வுக்குப் பிறகு வீரர்கள் சங்கத்துக்கே வேலைக்குப் போனார். அதையும் யாராவது "அங்கேயும் ஒட்டிக்கொண்டார்" என்று எழுதுவீர்கள், எழுதுங்கள்.

என் பையன் அந்த கமெண்ட்டுகளைப் படித்துவிட்டான். பத்து வயசு, தமிழ் எழுத்துக் கூட்டித்தான் படிப்பான். "ஓசி" மட்டும் புரியாமல் என்னிடம் வந்து கேட்டான். காசு கொடுக்காமல் வாங்குவது என்றேன். "பதினெட்டு டாலர் கொடுத்தோமே அப்பா" என்றான்.

ஜெர்சியில் ஹெய்ன்ஸி பெயரின் கடைசி எழுத்து உரிய ஆரம்பித்திருக்கிறது. மனைவி மேலே துணி போட்டு இஸ்திரி வைத்து ஒட்டிக் கொடுத்திருக்கிறாள். இந்த ஞாயிறு ஆட்டம் ஆறே முக்காலுக்கு. அதைத்தான் போட்டுக்கொண்டு போகிறேன். போட்டோவும் போடுவேன்.