குழந்தையை விட்டுவிட்டு நடக்கப் போக முடியாதவர்களுக்கு
கைக்குழந்தை இருந்தாலும் தினமும் அரை மணி நேரம் நடந்துவிட்டு வரச் சொல்கிறது, உடற்பயிற்சி பற்றி நான் படித்த ஒரு கட்டுரை. சரி, பிள்ளையை யாரிடம் விட்டுவிட்டுப் போவது? என் அம்மாவும் மாமியாரும் ஊரில் இருக்கிறார்கள், அதனால் மகளோடு சேர்ந்தே உடற்பயிற்சி செய்ய ஆரம்பித்தேன். தவழாத குழந்தையை விழித்திருக்கும்போது நாளுக்குக் குறைந்தது 30 நிமிடம், பல தடவையாகப் பிரித்து, குப்புறப் போட வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2019-இல் சொன்னது. பாயை விரித்து அவளைப் போட்டுவிட்டு நானும் எதிரே குப்புறப் படுத்துக் கையை ஊன்றி எழுந்து எழுந்து இறங்குவேன், என் முகம் கிட்டே வரும்போதெல்லாம் எச்சில் ஒழுகச் சிரிப்பாள், பத்து தடவையில் தோள் கடுத்துவிடும். இப்போது அவளுக்கு இரண்டு வயது. இந்த வயதுக்கு நாளெல்லாம் சேர்த்து 180 நிமிடம் ஓட்டமும் ஆட்டமும் வேண்டும். சாயங்காலம் மொட்டை மாடியில், காயப்போட்ட புடவைகளுக்கு நடுவே அவளைத் துரத்தினாலே எனக்கு மூச்சு வாங்குகிறது, பெரியவர்களுக்குச் சொல்லும் வாரம் 150 நிமிட உடற்பயிற்சிக் கணக்கில் அதுவும் தாராளமாகச் சேரும். சிசேரியன் ஆனவர்கள் மட்டும் டாக்டரைக் கேட்டுவிட்டு ஆரம்பியுங்கள். அப்புறம், அப்பாக்களே, ஆபீஸிலிருந்து வந்ததும் போனை ஓரமாக வைத்துவிட்டுப் பிள்ளையை உப்பு மூட்டை தூக்கிக் கூடத்தில் நாலு சுற்று வாருங்கள்.