‘ஃபாக்டரி மீன்’ என்று சொன்னவருக்கு

முந்தாநாள் ராத்திரி மீன் வளர்ப்புக் குழுவில் வந்த அந்த லைவ் வீடியோவைப் பார்த்தவர்களுக்கு நான் எதைச் சொல்கிறேன் என்று தெரியும். இப்போது அதை எடுத்துவிட்டார்கள். மலையடிவார ஓடையில் முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டு, பாலிதீன் பையை போன் வெளிச்சத்தில் தூக்கிக் காட்டி, "எஃப் ஜீரோ, ப்யூர் வைல்டு, கொளத்தூர் ஃபாக்டரி மீன் இல்ல" என்று சொன்னாரே, அந்த வரி. எஃப் ஜீரோ என்றால் நேரடியாக ஆற்றில் பிடித்த மீன், கொளத்தூர் ஃபாக்டரி மீன் என்றால் சென்னை கொளத்தூர் பக்கம் எங்களைப் போன்றவர்கள் தொட்டியில் குஞ்சு எடுத்து வளர்க்கிற மீன். அதற்குக் கீழே வரிசையாக இதயக்குறிகள். நான் கேட்டது ஒரே கேள்விதான். எந்த ஓடை, எத்தனை மீன் எடுத்தீர்கள்? பதில் வரவில்லை. என் கமெண்ட் போனது, காலையில் பார்த்தால் குழுவிலிருந்து நானும் போயிருந்தேன்.

சரி, இங்கே கேட்கிறேன். இது என் சுவர்.

பையில் இருந்தவை எனக்குத் தாமிரபரணி பார்ப் என்கிற கெண்டை வகைச் சின்ன மீன் மாதிரி தெரிந்தன. முதுகுத் துடுப்பில் நூல் நூலாக இழை நீண்ட ஆண்கள். நான் தப்பாகவும் பார்த்திருக்கலாம், அந்த வெளிச்சத்தில் எதுவும் நிச்சயமாகச் சொல்ல முடியாது. ஆனால் அது தாமிரபரணி பார்ப் என்றால், அந்த ஆற்றையும் அதன் கிளைகளையும் விட்டால் உலகத்தில் வேறு எங்கும் இல்லாத மீன். 1954-ல் மீன் ஆய்வாளர் சைலஸ் அதை விவரித்து எழுதியபோது ஆற்றின் பெயரையே மீனுக்கு வைத்தார். இழை நீண்ட ஆண்தான் விலைபோகும் என்று பொறுக்கி எடுக்கிறார்கள், அந்த ஆண்தான் அடுத்த தலைமுறைக்கு அப்பன். அதனால்தான் கேட்டேன். சண்டைக்கு இழுக்கக் கேட்கவில்லை.

பொதுவில் ஓடையின் பெயரைச் சொன்னால் எல்லோரும் வலையோடு போய்விடுவார்கள், அதனால்தான் சொல்லவில்லை என்று அவருக்காக ஒரு நண்பர் இன்பாக்ஸில் வந்து விளக்கம் கொடுத்தார். நாலு பேர் வலையோடு போனால் காலியாகிவிடும் அளவுக்குத்தான் அங்கே மீன் இருக்கிறது என்று உங்களுக்கே தெரிகிறது. தெரிந்துதான் எடுத்திருக்கிறீர்கள்.

எங்கிருந்து வந்தது என்று சொல்ல முடியாத மீனை வாங்காதீர்கள். நான் இந்தப் பதிவில் சொல்ல வந்தது இவ்வளவுதான்.

நான் வாங்கியிருக்கிறேன், அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். 2011-ல் என் முதல் சம்பளத்தில் ஒரு கடையில் ஆறு மிஸ் கேரளா மீன் வாங்கினேன். "ஆத்து மீனும்மா, கலரைப் பாரு" என்றார் கடைக்காரர். அந்தச் சிவப்புக் கோடு அப்படி இருந்தது, நான் விலையைக்கூட வீட்டில் சொல்லவில்லை. ஓடுகிற தண்ணீரில் எதிர்நீச்சல் போட்டு வாழ்ந்த மீனை மூன்றடித் தொட்டியில் விட்டால் என்ன ஆகும்? கண்ணாடியில் மோதி மோதி மூக்கு வெளுத்தது. தீனி போட்டால் பக்கத்தில் வந்து, வாயில் எடுத்து, துப்பிவிட்டுப் போகும். ஒன்பதாவது நாள் ஒன்றுதான் மிச்சம். செத்த மீன் ஒன்றை அம்மா உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார், முதுகு கத்தி மாதிரி இருந்தது. "பட்டினியில செத்திருக்குடி. இது தீனின்னே அதுக்குத் தெரியல" என்றார்.

அதற்கப்புறம்தான் அந்த மீனைப் பற்றிப் படிக்க ஆரம்பித்தேன். 1865-ல் மீன் ஆய்வாளர் பிரான்சிஸ் டே அதற்கு அப்போதைய மெட்ராஸ் கவர்னர் டெனிசன் பெயரை வைத்தார், மேற்குத் தொடர்ச்சி மலையின் சில ஆறுகளில் மட்டும்தான் இருக்கிறது. 2005 முதல் 2012 வரையிலான எட்டு வருடத்தில் இந்த டெனிசன் பார்பும் சாலக்குடி ஆற்றில் இருக்கிற அதன் உறவு மீனும் சேர்ந்து மூன்று லட்சத்துக்கும் மேல் இந்தியாவிலிருந்து ஏற்றுமதியாகியிருக்கின்றன. நடுவில் 2008-ல் கேரள அரசு சில மாதங்கள் பிடிக்கக் கூடாது என்று உத்தரவு போட்டது. ஆனால் அது பெரும்பாலும் முட்டை போடும் காலமே இல்லை என்று பிறகு ஆய்வாளர்கள் எழுதினார்கள். மீன் முட்டை போடும்போது பிடிக்கலாம், போடாதபோது பிடிக்கக் கூடாது. இதே மீனைக் கொச்சி பனங்காட்டு மீன்வளக் கல்லூரியில் தொட்டியில் குஞ்சு பொரிக்க வைத்துக் காட்டியிருக்கிறார்கள். அதாவது வழி இருந்தது. நான் வாங்கிய ஆறுக்கு அந்த வழி தேவைப்படவில்லை, ஏனென்றால் நான் கேட்கவே இல்லை.

இப்போது அந்த ‘ஃபாக்டரி’.

எங்கள் வீட்டு ஃபாக்டரி என்பது குத்தகை நிலத்தில் பதினாறு சிமென்ட் தொட்டியும் ஓலைக் கொட்டகையில் கொஞ்சம் கண்ணாடித் தொட்டியும். அம்மா ஏஞ்சல் மீனைக் குஞ்சு எடுத்து வளர்ப்பார். பத்து குட்டி வாங்கி வளர்த்து, அவையே ஜோடி சேரும்வரை காத்திருக்க வேண்டும், நாம் சேர்த்து வைத்தால் சேராது. சேர்ந்த ஜோடிக்கு ஒரு துண்டு பிவிசி பைப்பை நிறுத்தி வைத்தால் அதில் வரிசையாக முட்டை ஒட்டும். பைப்பை எடுத்துத் தனித் தொட்டியில் வைத்து, ஏர் ஸ்டோன் போட்டு, நீல மருந்து விட்டு, வெள்ளையாகிப் பூஞ்சை பிடிக்கிற முட்டையை ஒவ்வொன்றாக எடுக்க வேண்டும். இரண்டு மூன்று நாளில் பொரிக்கும், அதற்கப்புறம் ஐந்தாறு நாளில் நீந்த ஆரம்பிக்கும், ஆரம்பித்த நிமிடத்திலிருந்து அதற்கு ஆர்டீமியா என்கிற உயிருள்ள குட்டி இறால் தீனி வேண்டும், ஒரு வேளை தவறினாலும் மொத்தமும் போகலாம். முதல் நான்கு பேட்ச் மொத்தமும் போனது. ஐந்தாவதில் எழுபது குட்டி தேறியபோது அம்மா பக்கத்து வீட்டுக்கெல்லாம் சர்க்கரை கொடுத்தார். எனக்கு அப்போது எட்டு வயது. காலையில் ஐந்து மணிக்கு டியூப் வைத்து அழுக்கை உறிஞ்சி எடுத்துவிட்டு அதே கையோடு ஜடை பின்னிவிடுவார், என் தலைமுடியில் எப்போதும் மீன் தீனிப் புழு வாசம் அடிக்கும் என்று பள்ளிக்கூடத்தில் பக்கத்தில் உட்கார மாட்டார்கள்.

அதைத்தான் ஃபாக்டரி என்கிறீர்கள்.

"தொட்டி மீனெல்லாம் ஹார்மோன், இன்பிரீடிங், கலர் ஊசி" என்று சொல்வீர்கள். சாயம் ஏற்றுகிறவர்களை நானும் திட்டுகிறேன், உடம்பு உருண்டையாகக் கோணும்படி வளர்க்கிற பலூன் மோலியை எங்கள் வீட்டில் வளர்த்ததே இல்லை. ஒரே ரத்தத்தில் திரும்பத் திரும்ப எடுத்தால் மீன் நோஞ்சானாகும், உண்மைதான். அதற்கு நல்ல பிரீடரைத் தேடிப் பிடியுங்கள். ஓடைக்குப் போவது அதற்கு மருந்து இல்லை.

"அணை, பூச்சிமருந்து, வெடி போட்டு மீன் பிடிக்கிறவன், பிளீச்சிங் பவுடர் போடுகிறவன், இவர்களை விட்டுவிட்டு நாலு மீன் எடுத்தவனைப் பிடிக்கிறாயே?" ஆமாம், அவர்கள் செய்வது பெரிய நாசம். ஆனால் எரிகிற வீட்டில் பிடுங்கினது லாபம் என்று நாமும் கையை நீட்டுவதா? நாம் அந்த மீனை நேசிக்கிறோம் என்று சொல்லிக்கொள்கிறவர்கள் இல்லையா?

"பிரேசிலைப் பார்" என்று ஒருவர் சொன்னார். பார்த்திருக்கிறேன். ரியோ நீக்ரோ ஆற்றங்கரையில் பார்செலோஸ் என்று ஒரு ஊர், கார்டினல் டெட்ரா என்கிற குட்டி மீனைச் சின்ன வலையில் பிடித்துத்தான் அங்கே பல குடும்பங்கள் பிழைத்தன. தண்ணீர் வடியும்போது குட்டைகளில் மாட்டி எப்படியும் சாகப்போகிற மீன் ஏராளம், வெள்ளம் ஏறினால் திரும்பப் பெருகிவிடும். அந்த வருமானம் இருக்கும்வரை யாரும் காட்டை வெட்ட வேண்டியதில்லை, அதனால் ‘மீன் வாங்கு, மரத்தைக் காப்பாற்று’ என்றே அங்கே ஒரு இயக்கம் நடக்கிறது. ஊரே கார்டினல் கட்சி, டிஸ்கஸ் என்கிற இன்னொரு மீனின் கட்சி என்று பிரிந்து திருவிழா கொண்டாடுகிறது. பார்செலோஸ் கார்டினல் என்று தெரிந்தால் நானே வாங்குவேன், பண்ணைக் கார்டினல் வந்ததால் அந்த மக்களுக்கு அடி விழுந்ததையும் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அங்கே எந்த ஆறு, யார் பிடித்தார், காசு யாருக்குப் போகிறது என்று கேட்டால் பதில் இருக்கிறது. உங்கள் லைவில் அந்த ஓடைக்கரை ஊர்க்காரர் ஒருவராவது இருந்தாரா? அவருக்கு என்ன கொடுத்தீர்கள்?

இன்னொன்று. கடையில் சாதாரணமாகக் கிடைக்கிறதே ரெட் டெயில் ஷார்க் என்கிற சின்ன மீன், தாய்லாந்து ஆற்றில் அது அழிந்தேவிட்டது என்று ஒரு காலத்தில் நினைத்தார்கள், இப்போதும் மிக அரிது. உலகம் முழுக்க வீடுகளில் நீந்துகிற ஏறக்குறைய அத்தனையும் பண்ணையில் பிறந்தவை. யாரோ ஒரு ஃபாக்டரிக்காரர் ராத்திரி முழித்திருந்து குஞ்சு எடுத்ததால்தான் உங்கள் பிள்ளைக்கு அதைக் காட்ட முடிகிறது.

தொட்டி மீன் தப்பி ஏரிக்குப் போகிறதே என்ற ஒரே ஒரு கேள்விக்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. 2015 டிசம்பர் வெள்ளத்தில் எங்கள் பதினாறு தொட்டியும் தண்ணீருக்குள் போயின, ஒன்பது வருடமாக அம்மா தேர்ந்தெடுத்து வைத்திருந்த ஏஞ்சல் ஜோடிகள் எல்லாம் போயின. எங்கே போயின? ஏரிக்குத்தான். இன்று சென்னையைச் சுற்றி ஏரிகளில் வலை போடுகிறவர்களிடம் கேட்டால் தொட்டிப் பாசியைத் தின்ன விடுகிற டேங்க் கிளீனர் மீன் மாட்டி வலை கிழிகிறது என்று சொல்வார்கள். அது தொட்டி மீன் செய்த பாவம், எங்கள் தொழில் செய்த பாவம். இப்போது தொட்டி எல்லாவற்றுக்கும் மேலே வலை கட்டியிருக்கிறோம், கரையை இரண்டடி உயர்த்தியிருக்கிறோம். போதாது என்றால் சொல்லுங்கள், கேட்டுக்கொள்கிறேன்.

ஆனால் உங்கள் ஆட்கள் இதைக் கேட்கவில்லை. "மீன்காரிக்கு வயித்தெரிச்சல்" என்று எழுதினார்கள். வயித்தெரிச்சல்தான். அந்த லைவை அம்மாவும் என் பக்கத்தில் உட்கார்ந்துதான் பார்த்தார். மீன் அழகாக இருக்கிறது என்று கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு போனை வாங்கிப் பார்த்தார். அப்புறம் அந்த வார்த்தை வந்தது. ஒன்றும் சொல்லாமல் போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு டார்ச்சை எடுத்துக்கொண்டு கொட்டகைக்குப் போனார், அன்று சாயங்காலம்தான் ஒரு ஜோடி முட்டை ஒட்டியிருந்தது.

என்னைக் குழுவில் திரும்பச் சேர்க்க வேண்டாம். ஓடையின் பெயரைப் பொதுவில் போட வேண்டாம், இன்பாக்ஸில் சொல்லுங்கள். எத்தனை மீன் எடுத்தீர்கள், அதில் இன்றைக்கு எத்தனை தீனி எடுக்கிறது என்பதை மட்டும் எல்லோர் முன்னாலும் சொல்லுங்கள்.